வாக்குத்தத்த அட்டை இல்லை, ஒரு காலண்டர் தாள்தான்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு புதுவருஷ வாக்குத்தத்த அட்டை மாட்டியிருந்தது. பைபிளில் உபாகமம் 28:12, நீ கடன் கொடுப்பாய், கடன் வாங்கமாட்டாய் என்கிற வசனம். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் கிரெடிட் கார்டுக்கு மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன்.

கடன் வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. வீடு பிரதிஷ்டைக்கு முந்நூறு பேருக்குப் பிரியாணி, கார்டைத் தேய்த்தேன், பத்தாததற்கு மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின, அப்புறம் மச்சானிடம் கைமாற்று.

ஜெபம் பண்ணாமல் இல்லை. உபவாசமே இருந்தேன். ஆனால் மொத்தம் எவ்வளவு கடன் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது, கூட்டிப் பார்க்கப் பயம்.

ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரம் வந்தது. கடன்காரன் பிள்ளைகளை அடிமையாக்க வந்துவிட்டான் என்று விதவை அழுகிறாள். தீர்க்கதரிசி எலிசா உடனே கையை உயர்த்தி ஜெபிக்கவில்லை, வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது சொல் என்று கேட்கிறார். அவளிடம் இருந்த ஒரே ஒரு குடம் எண்ணெய் அற்புதமாய்ப் பெருகின பிறகும் முதலில் விற்றுக் கடனைத் தீர், மீந்ததில் பிழைத்துக்கொள் என்கிறார். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ தடவை கேட்ட கதை, ஆனால் எண்ணெய் பெருகினது மட்டும்தான் மனதில் நின்றிருந்தது.

மனைவி வேதத்தை மூடிவிட்டு, "சரி, நம்ம வீட்ல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம். கார்டு 1,20,000. நகைக்கடன் 1,80,000. மச்சான் 60,000. கடைசியில் 3,500, அது சபைக்கு! அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களைச் சபையில் ஏலம் விடுவார்கள், அதில் வீம்புக்கு ஒரு வாழைத்தாரை ஏற்றிவிட்டு எடுத்தது, பணம் அப்புறம் தருகிறேன் என்று சொன்னதோடு சரி.

கார்டுக் கணக்கைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 4,200, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 756. நான் கட்டின ஆறாயிரத்தில் அசலுக்குப் போனது ஆயிரம் சொச்சம். கந்துவட்டிக்காரனைத் திட்டுகிற வாயால் இதை யாரும் திட்டுவதில்லை.

வீட்டில் இருந்தது என் புல்லட். 90,000-க்குப் போனது, அப்படியே கார்டில் கட்டினேன். ஐந்து மாதத்தில் மீதியையும் முடித்து கார்டை வெட்டிப் போட்டோம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்குக் கொடுக்கிற தசமபாகத்தை நிறுத்தவில்லை, அதில் ஆளுக்கொரு கருத்து இருக்கும், நான் வாதத்துக்கு வரவில்லை. ஆனால் கல்யாண வீடுகளுக்கு மொய்யைக் குறைத்தோம், அதுதான் ரொம்பக் கூசியது. மொத்தம் 30 மாதம் ஆனது. மச்சானுக்குக் கடைசித் தவணை கொடுத்தபோது அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, "இனிமே நிம்மதியா வீட்டுக்கு வாங்க மாப்ள" என்றார். கடன் வாங்கினதிலிருந்து அவர் வீட்டுப் பக்கம் நான் போகாதது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

இந்த வருஷ ஏலத்தில் ஒரு தேங்காய் எடுத்தேன். 150 ரூபாய். மனைவி பர்ஸைத் திறந்து அங்கேயே கொடுத்துவிட்டாள்.