எம்டன் 1/350: பொய்ப் புகைபோக்கி வரை வந்த வேலை

முதல் உலகப்போரின் ஜெர்மன் குரூசர் எம்டன். அதன் 1/350 மாடலில் (அசலில் 350-ல் ஒரு பங்கு) கை வைக்கும் முன் ஒரு தேதியை முடிவு செய்தே ஆகவேண்டும். போருக்கு முன் சீனாவில் ஜெர்மனி வைத்திருந்த சிங்டாவோ துறைமுகத்தில் நின்ற எம்டன் வெள்ளைக் கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்து பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்தியதோ சாம்பல் நிறக் கப்பல். இரண்டையும் கலந்து அடித்த மாடல்கள் நிறைய உண்டு, பார்க்கவே மனசு கேட்காது. இங்கே எடுத்துக்கொண்டது ஆகஸ்ட் 14-க்குப் பிந்தைய நிலை. அன்றுதான் பசிபிக்கின் பாகன் தீவருகே ஜெர்மன் அட்மிரல் ஷ்பேயின் படையை விட்டுப் பிரிந்து, மார்க்கோமானியா என்ற கரிக்கப்பலோடு எம்டனின் கேப்டன் முல்லர் தனிவழி புறப்பட்டார்.

அசல் நீளம் 118.3 மீட்டர், மாடலில் 338 மி.மீ. அகலம் 38.5 மி.மீ. இவ்வளவு ஒல்லியான உடல் ஒட்டும்போது உள்பக்கம் சரியும், டெக் உட்காராமல் ஓரத்தில் இடைவெளி விழும். 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் குறுக்குத் துண்டுகள் வெட்டி 6 செ.மீ.க்கு ஒன்றாக உள்ளே வைத்தால் நிமிர்ந்து நிற்கிறது. இணைப்புக் கோட்டுக்குப் புட்டி, 400 எண் உப்புத்தாளில் தேய்த்து, 800-ல் தண்ணீர் தொட்டு முடிக்கவேண்டும். புட்டித் தூள் ஜன்னல் துளைகளை அடைத்துவிடும். ஆகவே பிரைமருக்கு (அடிப்பூச்சு) முன் 0.7 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருகி ஒவ்வொன்றையும் திறக்கவேண்டும். மோட்டார் டிரில் வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் உருகித் துளை கோணலாகும்.

எம்டனுக்கு பிஸ்டன் எஞ்சின், அதனால் சுழலி (ப்ரொப்பல்லர்) இரண்டுதான். சகோதரக் கப்பல் டிரெஸ்டன் டர்பைனில் ஓடியது, அதற்கு நான்கு. படம் பார்த்து வேலை செய்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முன்முனையில் இரும்புச் சிலுவையும் (ஜெர்மன் வீரப் பதக்கச் சின்னம்) கூடாது. அது பின்னால் அதே பெயரில் வந்த கப்பல்களுக்குக் கிடைத்த கௌரவம்.

இனி நான்காவது புகைபோக்கி. எம்டனுக்கு உண்மையில் மூன்றுதான். பிரிட்டிஷ் குரூசர் யார்மத் போலத் தெரியவேண்டும் என்று இன்னொன்றைத் துணியிலும் மரத்திலும் செய்து நிறுத்தினார்கள். அக்டோபர் 28 விடியலில் பினாங்குக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஷெம்சூக்கை மூழ்கடித்தபோது அது மேலேதான் இருந்தது. தேவைக்கு ஏற்றி இறக்கும் பொருள் என்பதால் மாடலிலும் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறது.

5.5 மி.மீ. டிரில் பிட்டின் மேல் 0.3 மி.மீ. செம்புக் கம்பியைச் சுற்றி நான்கு வளையம். அவற்றை இரண்டு நேர்கம்பிகளில் ஒட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ தாளின் ஒற்றை அடுக்கைச் சுற்றவேண்டும். காயும்போது வளையங்களுக்கு நடுவே தாள் லேசாக உள்ளே வாங்கும், துணியின் தொய்வு அப்படியே வந்துவிடும். தடித்த பிரைமர் அடித்தால் அந்தத் தொய்வு நிரம்பி வெறும் பிளாஸ்டிக் குழாயாகிவிடும். அடியில் 2 மி.மீ. காந்தம், டெக்குக்குக் கீழே இன்னொன்று. மற்ற மூன்றின் வாயிலும் கரும்புகைக் கறை உண்டு. இதற்கு மட்டும் வேண்டாம், இதில் புகை வந்ததே இல்லை.

பழசாக்கும் வேலையில் துருவை விடக் கரிக்குத்தான் முக்கியத்துவம். நடுக்கடலில் பக்கத்தில் கப்பலை நிறுத்திக் கரி ஏற்றியதால் உடலின் நடுப்பகுதியில் பெயிண்ட் உராய்ந்துபோயிருக்கும், முனைகளில் அவ்வளவு இருக்காது. டெக்கில் குவித்த கரிக்கு அடுப்புக்கரியைப் பொடித்துச் சலித்தால் போதும். 0.5 மி.மீ.க்கு மேல் போனால் அசலில் 17 செ.மீ. கட்டி என்று நினைவிருக்கட்டும்.

சென்னையைச் சுட்ட தூரம் சுமார் 3 கிலோமீட்டர், இந்த அளவில் எட்டரை மீட்டர். எனவே பீடத்தில் துறைமுகம் வராது. இருட்டுக் கடலும் எரியும் தேடுவிளக்கும்தான். 0402 என்ற மிகச்சிறிய அளவு எல்.இ.டி., 5 வோல்ட்டுக்கு 470 ஓம் ரெசிஸ்டர், குளிர் வெள்ளை நிறம். ஆர்க் விளக்குக்கு மஞ்சள் ஒளி பொருந்தாது. வயர் இறங்குவதற்காக பிளாஸ்டிக் பாய்மரத்துக்குப் பதில் 1 மி.மீ. பித்தளைக் குழாய். அடுத்து வரும் வயர்லெஸ் ஏரியல் இழைகளின் இழுப்பில் பிளாஸ்டிக் வளையும், பித்தளை தாங்கும்.