வராததற்கு அத்தாட்சி

"அப்ப பழைய கையொப்பம் ஒண்டையும் நாங்கள் பார்க்கேல்லையோ அண்ணை?"

கூட வேலை செய்யும் தம்பி கேட்டான். இல்லை என்றேன். "முழு வரலாறும் சரிபார்க்கப்பட்டது" என்ற வரியோடு, ஒரு வாடிக்கையாளரின் பிட்கொயின் கணக்கைப் பார்த்து வங்கிக்காக எழுதிய அறிக்கை அதற்குள் போய்விட்டிருந்தது. அந்த வரி பொய்யில்லை. பிட்கொயின் சங்கிலியைச் சரிபார்க்கும் மென்பொருளான பிட்கொயின் கோரின் அசியூம்வேலிட் என்ற அமைப்பு, நிரலில் பதித்திருக்கும் ஒரு புளொக்குக்கு (பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு) முந்திய கையொப்பச் சோதனையைத்தான் விடுகிறது. வேலைச் சான்று (புளொக்கை உருவாக்கக் கணினி உழைத்ததற்கான அடையாளம்), மேர்க்கிள் வேர் (புளொக்கிலுள்ள எல்லாப் பரிவர்த்தனைகளுக்குமான ஒரே சுருக்கக் குறி), ஒரே காசு இருதரம் செலவானதா, புதுக்காசு அளவு மீறியதா எல்லாம் முதல் புளொக்கிலிருந்தே பார்க்கப்படும். அசியூம்வேலிடைப் பூச்சியமாக்கினால் கையொப்பமும் பார்க்கலாம், ஆனால் கணினி இன்னும் நெடுநேரம் ஓடவேண்டும். கிளிநொச்சிக் கரண்டை நம்பியோ? டிபிகேஷை, அதாவது டிஸ்க்கில் எழுதாமல் மெமரியில் வைத்திருக்கும் அளவை, பெருக்கினால் வேகம்தான், ஆனால் கரண்ட் திடீரென்று போனால் டிஸ்க்கில் எழுதாத அவ்வளவும் மறுபடி ஓடவேண்டும்.

புளொக் தலைப்புகளை மட்டும் இறக்கும் லைட் கிளையன்ற் போதாதோ என்றும் கேட்டான். புளொக் தலைப்பு 80 பைட், வருடத்துக்கு 4.2 எம்பி அளவில். 4,000 பரிவர்த்தனை உள்ள புளொக்கில் ஒன்று இருப்பதைக் காட்ட 12 ஹாஷ் (தரவின் சுருக்கக் குறி), 384 பைட். ஃபோன் டேட்டாவே காணும். ஆனால் வந்ததை மட்டும்தான் அது காட்டும். தரவு தரும் எதிர்முனை ஒரு வரவை மறைத்தால் மறைத்ததே தெரியாது. கணக்குப் பார்ப்பவருக்கு விடுபட்டதுதான் முக்கியம். ஒவ்வொரு புளொக்கிலும் எந்த முகவரிகள் வருகின்றன என்று சுருக்கிக் காட்டும் புளொக் ஃபில்டர் இந்த ஓட்டையைப் பெரும்பாலும் அடைக்கும். ஆனால் ஃபில்டர் சரியோ என்பதைச் சங்கிலி உறுதிசெய்யாது, பல முனைகளிடம் வாங்கி ஒப்பிடவேண்டும்.

அதனால்தான் ப்ரூன் செய்த முழு நோட், அதாவது எல்லா புளொக்கையும் இறக்கிப் பார்த்துவிட்டுப் பழையதை அழிக்கும் கணினி. ஆகக் குறைந்தது 550 எம்பி புளொக் கோப்போடு நிற்கும். வாடிக்கையாளரின் முகவரிகளை முதலே ஏற்றிவிட்டுத்தான் இறக்கத் தொடங்கவேண்டும். பிந்தி ஒரு முகவரி வந்தால் அழித்த புளொக்குகளில் தேட முடியாது, 600 ஜிபிக்கு மேல் திரும்ப இறக்கவேண்டும். ஸ்கான்டிஎக்ஸ்அவுட்செட் கட்டளை இன்றைய மீதியைச் சொல்லும், செலவழிந்ததைச் சொல்லாது.

வங்கிக்குக் காணி உறுதி பார்க்கும் சட்டத்தரணியும் 30 வருடப் பதிவோடு நிற்பார்தானே என்றேன்.

"எந்த வருசத்திலயிருந்து பார்த்தவர் எண்டு எழுதிக் குடுப்பாரே, அண்ணை."

இப்போது அறிக்கையில் மென்பொருள் பதிப்பும் நிரலில் பதித்த அந்த புளொக்கின் ஹாஷும், அதற்கு முந்திய கையொப்பங்கள் பார்க்கப்படவில்லை என்ற வரியும் இருக்கின்றன. போன வாடிக்கையாளர் அதை எடுக்கச் சொன்னார், வங்கிக்காரர் கேள்வி கேட்பார்களாம். எடுக்கவில்லை. பின்னிணைப்புக்குத் தள்ளினேன்.