எழுதப்படாத புவியியல் தாள்

என் மகள் ஐசிஎஸ்இ பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது 2020ஆம் ஆண்டில். கணக்குக்கும் அறிவியலுக்கும் கோவையில் எங்கள் தெருவிலேயே இரண்டு டியூஷன் இருந்தன. வரலாறு, புவியியல், ஆங்கில இலக்கியம் ஆகியவற்றுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. ஆகவே அந்த மூன்றையும் அவளோடு உட்கார்ந்து நானே படிப்பது என்று 2019 ஜூனில் முடிவு செய்தேன். நான் மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் படித்தவள். எங்களுக்கு வரலாறும் புவியியலும் சமூக அறிவியல் என்ற ஒரே புத்தகத்துக்குள் அடங்கிவிட்டன. அவளுக்கோ வரலாறும் குடிமையியலும் சேர்ந்து ஒரு தாள், புவியியல் ஒரு தாள், இலக்கியம் ஒரு தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம், 80 மதிப்பெண். மீதி 20 பள்ளியில் செய்யும் செயல்திட்டங்களுக்கு.

முதலில் என்னைத் திணறடித்தது புவியியல்தான். அப்போது அந்தத் தாளின் 80 மதிப்பெண்ணில் 30 வரைபடங்களுக்கே போய்விட்டது. இந்திய வரைபடத்தில் இடங்களைக் குறிக்கும் கேள்விக்கு 10; இந்திய நில அளவைத் துறை அச்சிட்ட ‘டோப்போ ஷீட்’ என்னும் விரிவான நிலப்பரப்பு வரைபடத்தின் ஒரு பகுதியைக் கொடுத்துக் கேட்ட கேள்விகளுக்கு 20. அதற்கென்று இரண்டு படங்கள் பாடத்தில் இருந்தன: 45 டி/7, 45 டி/10. ராஜஸ்தானின் சிரோஹி, குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டங்களைச் சேர்ந்த நிலப்பரப்பு அது. ஆபு மலையும் அதில் வருகிறது. அந்தப் பக்கமே போயிராத நாங்கள் இருவரும், ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே மேசையில் அந்த ஊர்களின் கிணறுகளையும் வண்டிப்பாதைகளையும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

படத்தின் அளவை 1:50,000. அதாவது தாளில் இரண்டு சென்டிமீட்டர், நிலத்தில் ஒரு கிலோமீட்டர். இது எளிது. படத்தின் மேல் கட்டம்கட்டமாகப் போட்டிருக்கும் கோடுகளின் எண்களைக் கொண்டு, ஓர் இடத்தை ஆறு இலக்க எண்ணால் சொல்வதில்தான் நான் தொடர்ந்து தவறினேன். கிழக்கு நோக்கி ஏறிக்கொண்டே போகும் எண்களை முதலிலும், வடக்கு நோக்கி ஏறும் எண்களை அடுத்தும் எழுத வேண்டும். ஆனால், கிழக்கெண் குறித்த கோடுகள் வடக்கு தெற்காக அல்லவா நிற்கின்றன? கோட்டின் போக்கைப் பார்த்தே நான் ஒவ்வொரு முறையும் மாற்றி எழுதினேன். கடைசியில் கோலம்தான் கைகொடுத்தது. வரிசையில் எத்தனையாவது புள்ளி என்று முதலில் எண்ணிக்கொள்வது, அது கீழிருந்து எத்தனையாவது வரிசை என்று பிறகு பார்ப்பது. ஒரு கட்டத்தின் பக்கத்தைக் கண்ணாலேயே பத்தாகப் பிரித்து மூன்றாவது இலக்கத்தைச் சேர்ப்பது. மகள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அதைவிடப் பெரிய பாடம் ஆகஸ்டில் கிடைத்தது. படத்தில் காணும் பகுதியில் மழை ஆண்டு முழுவதும் பெய்கிறதா, குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமா, அதற்குச் சான்று என்ன என்று ஒரு கேள்வி. “அது ராஜஸ்தான், வறண்ட பகுதி, அதனால் பருவத்தில் மட்டும்தான் மழை” என்று மகளை எழுத வைத்தவள் நான். பள்ளியில் அந்த விடைக்கு மதிப்பெண்ணே தரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, சொன்னது உண்மைதானே? ஆசிரியர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. நமக்கு அந்த ஊரைப் பற்றி என்ன தெரியும் என்பது கேள்வியே அல்ல. ஓடைகள் நீல நிறத்தில் இல்லாமல் கறுப்புக் கோடுகளாக (நீர் வற்றியவை என்று பொருள்) இருப்பது, ஆற்றைக் கடக்கும் சாலை உயரமான பாலமாக இல்லாமல் தாழ்வான தரைப்பாலமாக இருப்பது, கிணறுகள் நெருக்கமாக இருப்பது போன்று படத்தில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் சான்றாகக் காட்ட வேண்டும். பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் ஒட்டி ஒட்டி இருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் மென்சரிவு என்பதும் அப்படித்தான். பத்திபத்தியாக ஒப்பித்து வளர்ந்த எனக்கு இந்த ஒழுங்கு புதியது.

இலக்கியத் தாளிலும் இதே தவறை வேறு வேடத்தில் செய்துகொண்டிருந்தோம் என்பது தசராவுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாடகம் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’. அதன் கடன் பத்திரத்தைப் புரோநோட்டு என்று நான் விளக்கியதும் மகளுக்குச் சட்டென்று பிடிபட்டது: கடன் 3,000 டக்கட், தவணை மூன்று மாதம், வட்டி கிடையாது, தவறினால் உடலிலிருந்து ஒரு பவுண்டு சதை. கதை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அப்போதைய கேள்வித்தாள் கதை கேட்கவில்லை. சில வரிகளை எடுத்துக் கொடுத்து, இதைச் சொல்பவர் யார், இதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இந்தச் சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்று ஐந்து உட்கேள்விகள் கேட்டது. அவற்றில் நான்குக்குத் தலா 3 மதிப்பெண், கடைசிக்கு 4. அப்படி ஐந்து வினாக்கள், ஆக மொத்தம் 25 விடைகள், 120 நிமிடங்கள். ஒரு விடைக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை.

அரையாண்டுத் தேர்வில் நீதிமன்றக் காட்சியிலிருந்து ஒரு பகுதி வந்திருந்தது. கடன் கொடுத்த யூதரான ஷைலாக்கின் மனநிலையைப் பற்றிய 3 மதிப்பெண் கேள்விக்கு, யூதர்கள் ஐரோப்பாவில் அனுபவித்த இழிவு அனைத்தையும் சேர்த்து முழுப்பக்கம் எழுதிவிட்டாள். நல்ல பக்கம்தான், நான்கூடப் பெருமைப்பட்டேன். விளைவு, கடைசி வினாவில் இரண்டு உட்கேள்விகளுக்கு விடையே இல்லை. அன்றிலிருந்து அலைபேசியில் ஐந்து நிமிடம் வைத்து, மணி அடித்ததும் பேனாவை எடுத்துவிடும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். முதல் வாரம் வீட்டில் ஒரே சண்டை. கடைகளில் விற்கும் ஆயத்த விடைப் புத்தகம் ஒன்றையும் வாங்கினோம். அதிலுள்ள விடைகள் எல்லாம் ஒரே நீளத்தில், எந்த வரியைக் கேட்டாலும் பொருந்துகிற மாதிரி இருந்ததால், ஜனவரியில் அதை மூடி வைத்துவிட்டோம்.

வரலாற்றுக்கு இந்த அளவு போராட்டம் இல்லை. 1857இல் தொடங்கி விடுதலை வரை, பிறகு இரண்டு உலகப் போர்கள், ஐக்கிய நாடுகள் சபை. 1806இன் வேலூரைச் சொல்லாமல் 1857இல் எப்படித் தொடங்கலாம் என்று நான் குறைபட்டதுண்டு. “அது சிலபஸ்ல இல்லம்மா” என்று முடித்துவிட்டாள். வங்கப் பிரிவினை 1905, அது ரத்தானது 1911 என்பன போன்ற ஆண்டுகளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தோம். குடிமையியலில்தான் ஒரு விந்தை. மக்களவைக்கு ஆங்கிலோ இந்தியர் இருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்று புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே, 2020 ஜனவரி 25 முதல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்துவிட்டது. தேர்வுக்கு ஒரு மாதம் இருந்த நிலையில் எதை எழுதுவது? புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொன்னார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

இலக்கியத் தாள் பிப்ரவரி இறுதியில் முடிந்தது, வரலாறு மார்ச்சில். தாளைப் படித்துப் பார்க்கத் தரும் முதல் 15 நிமிடத்தில், எழுதப்போகும் வினாக்களைத் தேர்ந்து மனத்துக்குள் வரிசைப்படுத்திவிட வேண்டும் என்ற எங்கள் ஏற்பாடு இரண்டிலும் பயன்பட்டது. அடுத்து நாங்கள் காத்திருந்தது புவியியலுக்கு. மார்ச் 19ஆம் தேதி, கொரோனாவால் மீதித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. புவியியல் அந்த மீதியில் இருந்தது.

பிறகு ஜூலையில் நடக்கும் என்றார்கள். சுருட்டி வைத்த படங்களை மறுபடி விரித்தோம். ஊரடங்கில் வெளியே கால்வைக்க முடியாத அந்த நாட்களில், ஆபு மலையின் சரிவுகளில் எந்தப் பாதையில் ஏறினால் தூரம் குறையும் என்று நூலை வைத்து அளந்துகொண்டிருந்தோம். தேர்வுக்காக என்பதையும் தாண்டி அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டும். ஜூன் 26ஆம் தேதி, தேர்வே கிடையாது என்று உறுதியானது. எழுதிய தாள்களில் சிறந்த மூன்றின் சராசரியையும் செயல்திட்ட மதிப்பெண்களையும் கொண்டு, எழுதாத பாடத்துக்கு மதிப்பெண் கணக்கிட்டார்கள்.

ஜூலை 10ஆம் தேதி முடிவு வந்தது. புவியியலுக்கு நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே கிடைத்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, அவளைத் தவிர. “அது நான் வாங்கின மார்க் இல்லம்மா. கணக்குல வாங்கினதைத் தூக்கி அங்க போட்டிருக்காங்க” என்றாள். மறுநாள் பழைய புத்தகங்களைக் கட்டி எடைக்குப் போட்டபோது, 45 டி/10ஐ மட்டும் கட்டிலிருந்து உருவி எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.