பெயர் சரி, வலயம் பிழை

கல்வியியற் கல்லூரிப் படிப்புக்குப் பிறகு பாடசாலையில் படிப்பித்துப் பழகும் கட்டுறுபயில்வுக்கான கடிதம் கிடைத்ததும் எல்லாரும் பாடசாலையின் பெயரைத்தான் பார்ப்போம். நானும் அப்படித்தான் பார்த்தேன். வன்னியில் பாதி ஊர்கள் குளம் என்றுதான் முடியும். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதும் புதினமில்லை. என் கடிதத்தில் பாடசாலைப் பெயர் சரி, கல்வி வலயம் பிழை. இது தெரியாமல் சேலையும் இரண்டு பைகளுமாக விடிய ஐந்து மணிக்கு பஸ் ஏறி, மாங்குளத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறி, கிரவல் றோட்டில் இரண்டு கிலோமீற்றர் நடந்து போய்ச் சேர்ந்தேன். அதிபர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "பிள்ளை, எங்களுக்கு ஆள் வாறதெண்டு ஒரு அறிவித்தலும் இல்லையே."

அந்த மனிதர் செய்த ஓர் உதவிதான் பிறகு என்னைக் காப்பாற்றியது. சம்பவத் திரட்டுப் புத்தகத்தை எடுத்து, இன்ன திகதி, இத்தனை மணிக்கு இன்னார் கடமையேற்க வந்தார் என்று எழுதி, என்னிடமும் ஒப்பம் வாங்கினார். "இதை போனில படம் எடுத்து வையுங்கோ" என்றார்.

அடுத்த நாள் கல்வி அலுவலகம். பொறுப்பானவர் வெளிக்களக் கடமையாம். மேசையில் இருந்தவர் கடிதத்தைத் தொடவேயில்லை. "கல்லூரியில திருத்திக்கொண்டு வாங்கோ." கல்லூரிக்குப் போனால், "இது அவையள் திருத்த வேண்டியது." மூன்றாம் நாள் திரும்ப அலுவலகத்துக்குப் போனேன். இந்தமுறை வாங்கில் இருந்தபடி, பொறுப்பானவர் வரும்வரை எழும்புவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். பதினொன்றரைக்கு வந்தார். திருத்தம் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த மூன்று நாளும் வரவில் வராத நாட்களாகப் போய்விடும் என்றார்கள். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். போகவில்லை.

கல்லூரியில் இருந்த இரண்டு வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்படைகளை அன்றன்றே எழுதியவர்கள் தப்பினார்கள், எழுதாதவர்கள் கடைசி வாரத்தில் நித்திரை இல்லாமல் திரிந்தார்கள். நுண்கற்பித்தலில் (சிறு பாடம் நடத்திப் பழகுவது) எனக்கு நல்ல புள்ளி. ஆனால் அங்கே பிள்ளைகளாக இருந்தது எங்கள் விடுதித் தோழிகள்; ஒருத்தியும் பாடத்துக்கு நடுவில் "ரீச்சர், இவன் என்ர அழிறப்பரை எடுத்திட்டான்" என்று அழவில்லை.

சரியான பாடசாலையில் முதல் நாளே தரம் மூன்றையும் நான்கையும் சேர்த்துத் தந்தார்கள். இருபது பிள்ளைகள், ஒரே கரும்பலகை, பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் இடையில் அரைச்சுவர். நாற்பது நிமிடத்துக்கு எழுதிய பாடக்குறிப்பு பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துபோனது. குரலை உயர்த்தினேன், அவர்களும் உயர்த்தினார்கள். இடைவேளையில் பக்கத்து வகுப்பு ரீச்சர் தேத்தண்ணியோடு வந்தா. "தங்கச்சி, நீ கத்தினா என்ர வகுப்பும் கத்தும். ஒரு பகுதிக்குக் கையில வேலையைக் குடுத்திட்டு மற்றப் பகுதியோட கதை." பல்தரக் கற்பித்தல் என்று கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதியது இதைத்தான். அன்றிரவே மூன்றாம் தரத்துக்குச் செய்கை அட்டைகள் வெட்டத் தொடங்கினேன்.

கல்லூரி விரிவுரையாளர் முதல் மதிப்பீட்டுக்கு வந்தது கார்த்திகை மழையில். நான் இரவிரவாக வரைந்த பிறிஸ்டல் போட் வரும் வழியிலேயே நனைந்து கூழாகிவிட்டது. (பொலித்தீன் உறை இல்லாமல் மாரியில் எதையும் கொண்டுபோகாதீர்கள். மாற்றுச் சேலை ஒன்றும் பாடசாலை அலுமாரியிலேயே இருக்கட்டும்.) வந்திருந்ததோ ஆறு பிள்ளைகள். பாடம், திரவங்களை அளத்தல். வேறு வழியில்லாமல் தாழ்வாரத்தில் ஒழுகிய மழைத்தண்ணியை ஒரு லீற்றர்ப் போத்தலிலும் யோகட் கப்பிலும் பிடித்து அளக்க விட்டேன். ஒருவன் கப்பைத் தூக்கிக் காட்டி, "ரீச்சர், இது அரைச் சுண்டு வரும்" என்றான். (சுண்டு, வீட்டில் அரிசி அளக்கும் சின்னப் பேணி.) மற்றவள் விடவில்லை: "சுண்டு அரிசிக்கடா, தண்ணிக்கு இல்ல." "நாலு சுண்டு ஒரு கொத்து, தெரியுமோ உனக்கு?" சண்டை முற்றியதும், சுண்டுப் பேணி ஒன்றில் தண்ணி நிரப்பிப் போத்தலுக்குள் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பேணியை சமைக்கும் அம்மாவிடம் ஓடிப்போய் வாங்கி வந்ததும் அவன்தான். அந்த வருடம் நான் செய்த பாடங்களில் அதுதான் திறமானது.

விரிவுரையாளரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு பாடக்குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். அந்த வாரக் குறிப்பில் அதிபரின் ஒப்பம் இல்லை. திங்கட்கிழமை அதிபர் கூட்டத்துக்குப் போயிருந்தார், செவ்வாய் நான் மறந்துவிட்டேன், புதன் இவர் வந்து நிற்கிறார். காரணம் சொன்னேன். "எனக்கு விளங்குது பிள்ளை, ஆனா படிவத்துக்கு விளங்காது" என்று சொல்லிப் புள்ளியைக் குறைத்தார். அழுகை வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதால் அழவில்லை.

அதன்பிறகு வெள்ளிக்கிழமையே அடுத்த வாரக் குறிப்பை எழுதி முடித்து, அதிபர் மோட்டார் சைக்கிளை எடுக்கமுதல் ஒப்பம் வாங்கிவிடுவேன். அவர் இல்லாத நாட்களில் பிரதி அதிபரிடம் வாங்கலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் முதல் கிழமையே சொல்லியிருப்பார்கள். கேட்க வெட்கப்பட்டேன்.

இரண்டாம் முறையும் அதே விரிவுரையாளர்தான். நேரே ஒப்பம் இருந்த பக்கத்தைப் புரட்டினார், தலையாட்டினார், பின்வாங்கில் போய் இருந்தார். நான் வெண்கட்டியை எடுக்க, பின்னாலிருந்து கேட்டார்:

"இண்டைக்குச் சுண்டு இல்லையோ?"