உடைமரத்தடி மணலில் ஒரு பாடம்

நமக்கு அறிவியல் நடத்திய டீச்சர் சென்ற மாதம் பரமக்குடியில் காலமானார் என்ற செய்தி சிங்கப்பூரில் என்னை எட்டியபோது, நம் பள்ளி மலருக்காக எழுதத் தொடங்கியிருந்த விளையாட்டு விழா நினைவுகளை எடுத்து வைத்துவிட்டேன்.

1987, ஒன்பதாம் வகுப்பு. பெஞ்சிலிருந்து எழுந்த என் பாவாடையில் கறை இருப்பதைப் பின்வரிசைப் பையன்கள்தாம் முதலில் கண்டார்கள். சிரிப்பு எழுந்ததும் டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு வந்து, தம் முந்தானையால் என்னை மறைத்து வெளியே அழைத்துச் சென்றார். வீட்டில் தென்னங்கீற்றுக் குச்சில் கட்டினார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

சடங்கு கழிந்து நான் பள்ளிக்குத் திரும்பிய வாரம், டீச்சர் பெண்பிள்ளைகளை உடைமரத்தடிக்கு அழைத்து, பனை ஈர்க்கினால் மணலில் கருப்பையை வரைந்தார். இரு புறமும் கருக்குழாய்கள், அவற்றின் முனையில் அண்டகங்கள். “கரு தங்குவதற்காகத் தடித்த உட்சுவர், கரு தங்காத மாதம் கழிகிறது. இதில் தீட்டு எங்கே இருக்கிறது பிள்ளைகளா?” என்றார். பையன்களுக்கும் இதைச் சொல்லிவிட்டால் நாளை எவனும் சிரிக்கமாட்டான் என்றும் சொன்னார். அதற்குள் ஒரு தகப்பனார் புகாருடன் வந்துவிட்டார். டீச்சர் தகாத பேச்சுப் பேசினாரா என்று பள்ளியில் எங்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டபோது, இல்லை என்று சொல்ல வேண்டிய நான் தலையைக் குனிந்து நின்றேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அவருக்கு மாற்றல் வந்தது.

2005-இல் வளரிளம் பருவக் கல்வியை நாடு முழுவதும் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது, பண்பாட்டின் பெயரால் சில மாநிலங்கள் அதை நிறுத்திவைத்தன. 2011-இல் அறிவிக்கப்பட்ட ‘புது யுகம்’ திட்டத்தால் நம் கடற்கரைப் பெண்பிள்ளைகளுக்கும் நாப்கின் இலவசமாகக் கிடைத்தது. துணியைப் படலுக்குப் பின்னால் ஒளித்து உலர்த்திய எங்களுக்கு அது எவ்வளவு பெரிது என்பது தெரியும். 2012-இல் போக்சோ சட்டம் வந்தபின், பிறர் தொடுவதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவது கடமையாயிற்று. ஆனாலும் பையன்களுக்கு உரிய பாடம் இன்னும் பின்தங்கியே நிற்கிறது என்பது என் எண்ணம்.

இங்கே என் மகனின் பள்ளி, பாலியல் கல்வியில் என்னென்ன நடத்துவார்கள் என்று எழுதி, விருப்பமில்லையேல் விலக்கிக்கொள்ளலாம் என்ற படிவத்தையும் அனுப்பியது. அதை நிரப்பாமல் வைத்துவிட்டு, அன்றிரவு மகனிடம் அந்த மணல் படத்தைப் பற்றிச் சொன்னேன்.

விடுமுறைதோறும் மதுரையில் இறங்கி ஊருக்குக் காரில் போகும் வழியில்தான் பரமக்குடி இருக்கிறது. அவர் வீடு எந்தத் தெருவில் என்பதுகூடத் தெரிந்திருந்தும், இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன்.