ஆட்டோக்காரருக்குக் கமிஷன்

அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால் தொழில் சாமர்த்தியம் என்று எண்ணி மறந்திருப்பேன். கேட்ட மாத்திரத்தில் வாயில் தானாக வந்தது என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது.

கடைகளுக்குக் கூகுள் தேடல் விளம்பரம் பார்த்துத்தரும் நிறுவனத்தில் அப்போது வேலை செய்தேன். ஒரு கிரைண்டர் கடைக்கு நான் கொண்டுபோன மாத அறிக்கையில் குறை ஒன்றும் இல்லை. தேடல் விளம்பரத்துக்குச் செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒன்பது ரூபாய்க்குக் கிரைண்டர் விற்றிருந்தது. கடை முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கீவேர்ட் பட்டியலின், அதாவது எந்தச் சொற்களைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்ற பட்டியலின், முதல் வரியில் விரலை வைத்தார். அது அவருடைய கடையின் பெயர். பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்கே போயிருந்தது.

"தம்பி, என் கடைப் பெயரை எழுதித் தேடுகிறவர் என் கடைக்கு வரத்தானே தேடுகிறார்? அவருக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார், ஆட்டோவில் ஏறி என் கடைப் பெயரைச் சொல்கிறார். ஆட்டோ வாடகையை அவரே கொடுத்துவிடுகிறார். அதற்கு மேல் ஆட்டோக்காரருக்கு நான் எதற்குக் கமிஷன் தர வேண்டும்? முப்பது வருடமாக ஒருவருக்கும் தந்ததில்லை."

"தராவிட்டால் அடுத்த கடை வாசலில் இறக்கிவிடுவார், ஐயா."

நான் சொன்னது இவ்வளவுதான். சற்று நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு அடுத்த மாதத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டார். டீ வரவழைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

நான் சொன்னது பொய் இல்லை. அவர் கடைப் பெயரைத் தேடுகிறவருக்குத் தன் விளம்பரம் தெரியட்டும் என்று போட்டிக் கடை ஒன்று ஏலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் நிறுத்தியிருந்தால் அவர் பெயருக்கு மேலே அந்தக் கடையின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளரைக் காப்பாற்றுவது என் வேலை, அதைச் செய்தேன். இப்படிச் சொல்லிக்கொண்டு தூங்கிய இரவுகள் உண்டு.

ஆனால் அந்த ஒன்பது ரூபாய்? அது எதை அளந்தது என்று எனக்கு அன்றே தெரியும். தன் தாய் வீட்டில் இருபது வருடம் ஓடிய கிரைண்டரின் பெயரை நினைவு வைத்து ஒரு பெண் தேடியிருப்பாள். அந்த நினைவை உண்டாக்கியவர் அந்தப் பெரியவர், அவர் கொத்திய கல், அவர் கொடுத்த மோட்டார். அதை என் விளம்பரத்தின் வெற்றியாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் நிறுவனத்துக்குக் கட்டணம் விளம்பரச் செலவில் பதினைந்து சதவீதம். அந்த முதல் வரியை நிறுத்தியிருந்தால் எங்கள் வருமானமும் குறைந்திருக்கும். இதையும் எழுதாமல் விட்டால் மேலே சொன்ன நியாயத்துக்கு மதிப்பில்லை.

இணையச் சந்தையான ஈபே நிறுவனம் 2012இல் தன் பெயருக்கான விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்ததைப் பின்னாளில்தான் படித்தேன். விளம்பரம் வழியே வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம், கீழே இருந்த இலவச முடிவு வழியாக வந்து சேர்ந்துவிட்டன. பெரியவர் விரலை வைத்துக் கேட்ட அதே கேள்வி, அதற்கான பதில். படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிங் தேடுபொறியை வைத்துப் பிறகு வந்த ஓர் ஆய்வு, போட்டியாளர்கள் ஏலத்தில் இருக்கும்போது விளம்பரம் செய்யாதவர் கணிசமான பேரை இழக்கிறார் என்று காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி என்னை நானே விடுவித்துக்கொண்டேன். இரண்டு ஆய்வையும் சேர்த்து வைத்தால் கிடைப்பது ஒன்றுதான்: அடுத்த கடைக்காரர் ஏலத்துக்கு வராதவரை இந்தச் செலவு பெரும்பாலும் வீண், அவர் வந்துவிட்டால் இது கட்டாயம். அவரை ஏலத்துக்கு அழைப்பது யார்?

என் சந்தேகம் இங்கிருந்துதான் கூகுள் என்ற பெரிய உருவத்தின் மீது போனது. அதன் தேடல் புதுமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுவதை வைத்தே எது முக்கியம் என்று கணித்தது பெரிய சிந்தனை. 2017இல் அதன் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற கணினி மாதிரி பற்றிய கட்டுரையின் மேல்தான் இன்றைய செயற்கை நுண்ணறிவு நிற்கிறது. ஆனால் சோறு போடுவது அவை அல்ல. 2024இல் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்கு வந்த சுமார் 350 பில்லியன் டாலரில் முக்கால் பங்கு விளம்பரப் பணம். தேடல் சொற்களை ஏலம் விட்டு, கிளிக்குக்குக் காசு வாங்கும் முறையை முதலில் கொண்டுவந்ததும் கூகுள் அல்ல, பில் கிராஸ் தொடங்கிய கோடூ என்ற தேடுபொறி. அந்த முறைக்கான காப்புரிமை வழக்கைக் கூகுள் 2004இல், கோடூவை வாங்கியிருந்த யாஹூவுக்குத் தன் 27 லட்சம் பங்குகளைக் கொடுத்து முடித்துக்கொண்டது. விளம்பரத்தை நம்பும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998இல் எழுதியவர்களும் வேறு யாரும் அல்ல. கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும், மாணவர்களாக இருந்தபோது.

என்னை மிகவும் குழப்புவது வேறொன்று. பிங்கில் மக்கள் அதிகம் தேடும் சொல்லே 'கூகுள்'தான் என்று 2021இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகுள் நிறுவனத்தின் வழக்கறிஞரே வாதாடினார். பெயரைச் சொல்லித் தேடி வருகிறார்கள், நாங்கள் யாரையும் இழுக்கவில்லை என்பது வாதம். அதே 2021இல், கைபேசிகளிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே முன்கூட்டி அமைந்திருக்க வேண்டும் என்பதற்காக அந்த நிறுவனம் 26.3 பில்லியன் டாலர் கொடுத்திருந்தது. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் இது வெளிவந்தது. தேடலில் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார்.

பெயர் சொல்லி வருகிறவர்களுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அந்தப் பெரிய அறைகளிலும் எழுந்திருக்காதா? அங்கும் யாரோ ஒருவர், தராவிட்டால் அடுத்த வாசலில் இறக்கிவிடுவார்கள் என்று என்னைப் போலவே சொல்லியிருப்பாரா? அப்படியானால் நான் சொன்னது உலகத்தின் நடைமுறை, தவறு இல்லை என்று தோன்றும். மறு நிமிடமே, அப்படிச் சொல்ல ஆயிரக்கணக்கானோர் இருப்பதால்தானே அது நடைமுறையானது என்று தோன்றும்.

இரண்டு வாரம், இரண்டு ஊர்களில் மட்டும் அந்த வரியை நிறுத்திப் பார்த்திருக்கலாம். நான் அந்த யோசனையைச் சொல்லியிருந்தால் பெரியவர் மறுத்திருக்க மாட்டார். நான் சொல்லவே இல்லை.

அந்த வேலையை விட்டு நெடுநாள் ஆகிவிட்டது. போன வாரம் வீட்டுக் கிரைண்டருக்குப் பெல்ட் வாங்க அவர் கடைப் பெயரைத் தேடினேன். மேலே விளம்பரமாக அவர் பெயர், அதற்குக் கீழே சாதாரண முடிவாக அதே பெயர். கீழே இருந்ததைத் தொட்டேன்.