முள்கரண்டியில் சிங்கத்தைத் தேடி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளில், கறுத்துப்போன சீமை ஸ்பூன்களும் முள்கரண்டிகளும் கூடையில் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். இலை போட்டுச் சாப்பிட்ட வீடுகளில் இவை எதற்கு? பர்மா, மலாயா என்று கொண்டுவிற்கப் போனவர்கள் வாங்கி வந்தவை, வெள்ளைக்கார விருந்தாளிக்கென்று எடுத்து வைத்தவை. கொஞ்ச நாளாக அந்தக் கூடையைக் கிளறுவதுதான் என் பொழுதுபோக்கு.

முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும். வெள்ளிக்குப் போடுவதுபோல் விபூதி போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது. முலாமாக இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அப்புறம் காம்பின் பின்பக்கம், லென்ஸ் வைத்து.

இந்த வாரம் கிடைத்த முள்கரண்டியில் வரிசையாக நாலு குட்டிக் கேடயங்கள். சும்மா பார்த்தால் வெள்ளி முத்திரையேதான். லென்ஸில் பார்த்தால் கேடயத்துக்கு ஓர் எழுத்து: ஈ, பி, என், எஸ். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின்மேல் மின்சாரத்தால் வெள்ளி ஏற்றியது என்று அர்த்தம். அடி உலோகத்துக்கு நம் ஊர்ப் பேர் ஜெர்மன் சில்வர். அதில் வெள்ளி பொட்டுகூடக் கிடையாது.

இங்கிலாந்தில் செய்த ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது 92.5 சதவீத வெள்ளி என்றால் நடக்கிற சிங்கம் இருக்கும். கூடவே ஊர் முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், அப்புறம் ரோஜா. வருஷத்துக்கு ஓர் எழுத்து. ராஜா ராணி தலையும் இருந்தால் பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் இடையில் வரி கட்டிய சரக்கு. வெறும் ‘இங்கிலாந்து’ என்று குத்தியிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதால் வந்த வழக்கம்.

முத்திரை தேய்ந்திருந்தால் ஸ்பூனைக் கவிழ்த்து, மேஜையில் உரசும் அடிக்குழியைப் பாருங்கள். அங்கே மஞ்சள் தட்டினால் முலாம். என்னைக் கேட்டால் முத்திரையைவிட இதுதான் நம்பகம்.

வெள்ளிக்குக் கணக்கு லேசு: எடை, அதில் 92.5 சதவீதம், அன்றைய கிராம் விலை. அதற்குக் கீழே யாரும் விற்கத் தேவையில்லை. கத்தியை மட்டும் தராசில் வைத்து ஏமாற வேண்டாம். பிடி தகடுதான், உள்ளே பிசின், அலகு எஃகு. முலாம் பூசியதற்கு எடையால் பிரயோஜனமே இல்லை. தயாரித்தவர் யார், செட் முழுசா, முலாம் எவ்வளவு மிச்சம், அவ்வளவுதான். ஷெஃபீல்டு கம்பெனியான வாக்கர் அண்ட் ஹாலின் குட்டிக் கொடி முத்திரையோ, 1840ல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய எல்கிங்டன் பேரோ இருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். தந்தப் பிடி என்று காட்டினால் தொடவே வேண்டாம். நம் நாட்டில் தந்த வியாபாரத்துக்குத் தடை.

நான் எடுத்த முள்கரண்டிக் காம்பில் புள்ளி புள்ளியாக யாரோ வீட்டு விலாசம், அதாவது குடும்பப் பெயரின் எழுத்துகள், குத்தியிருந்தது.

“பேர் வெட்டுனதை வெளியூர்க்காரன் வாங்க மாட்டான் தம்பி, நீங்களே ஒரு விலை சொல்லுங்க” என்றார் கடைக்காரர்.

எனக்கு அந்தப் புள்ளிகள்தான் வேண்டும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. “ஜெர்மன் சில்வர்தானே அண்ணே” என்று பாதியில் ஆரம்பித்தேன்.